பதினாலாம் மாடியில் ஒரு சந்தலி

றசீனாவுக்குக் குளிர் என்றாலே ஆகாது. கனடாவுக்கு வந்து இருபது வருசத்துக்கு மேலாகியும் பனிக்காலத்தோடு அவளுக்கு ஒத்துப்போகவில்லை. நவம்பர் பிறந்தால் போதும், யன்னல் இடுக்குகளில் பழைய துணியை அடைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, வீட்டுக்குள் ஒடுங்கிவிடுவாள். வெளியே போகாமல் முடியாது என்ற நாள்களில் சுவெட்டர், அதற்கு மேல் இன்னொரு சுவெட்டர், அதற்கு மேல் கோட், தலைக்குச் சால்வை, சால்வைக்கு மேல் தொப்பி என்று ஏற்றிக்கொண்டு நிற்பாள். "உன்னப் பாத்தா வெங்காயம் மாதிரி இரிக்கு. உரிக்க உரிக்கத் துணி" என்று ஹபீபுல்லாஹ் சிரிப்பார்.

அவள் கணவர் ஹபீபுல்லாஹ் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவர். இலங்கையில், மட்டக்களப்புக்கு அருகே ஏறாவூரில் ஐஸ் பெட்டி திருத்தப் பழகியவர், ரொறன்ரோவில் கடைகளின் பெரிய குளிரறைகளுக்குள் நுழைந்து வேலை செய்தே பிள்ளையை வளர்த்தார். வாட்டசாட்டமான மனிதர். ஆனால் அந்தச் சனவரியில் அவரால் ஒரு படி இறங்க முடியாது. இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், சத்திரசிகிச்சையில் புது மூட்டு வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வோக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய் வருவதே பெரும் பாடு.

அவர்கள் இருந்தது சென் ஜேம்ஸ் ரவுணில், ஒரு பழைய உயரக் கட்டடத்தின் பதினாலாம் மாடியில். கடுங்குளிர் எச்சரிக்கை விட்ட இரண்டாம் நாள் பின்னேரம் விளக்குகள் இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டு அணைந்தன. நிலக்கீழ்த் தளத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து, வெள்ளம் மின்சார அறைக்குள் புகுந்துவிட்டதாம். மின்சாரம் போனதோடு லிப்ட் நின்றது, தண்ணீர் நின்றது, ஹீற்றர்களும் அடங்கின. வெளியே காற்று ஓலமிட்டது. முகத்தில் பட்டால் கத்தி கீறியதுபோல எரிகிற காற்று.

அன்று இரவை வீட்டிலிருந்த போர்வையெல்லாம் போர்த்துக்கொண்டு ஒருவாறு கடத்தினார்கள். விடிந்து பார்த்தபோது யன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் பனி பூத்திருந்தது. வாயைத் திறந்தால் புகை வந்தது. தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கல்லாகிக் கிடந்தது. ஹபீபுல்லாஹ் சோபாவில் சாய்ந்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வலியா குளிரா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மகள் ஸுஹைரா மிசிசாகாவிலிருந்து அழைத்தாள். "உம்மா, ஹைவே எல்லாம் மூடிட்டாங்க. நான் எப்பிடியாவது வாறன்."

"வராதே மகள். ஒண்டும் ஆகாது. போன்ல சார்ஜ் இல்ல, மறுகா கதைக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அழுகை வந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியதும் அதுவும் சில்லிட்டது. அந்த எரிச்சலிலேயே துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

காலையில் தீயணைப்புப் படைக்காரர் இருவர் படியேறி வந்தார்கள். நடக்கக்கூடியவர்கள் எல்லாரும் பக்கத்துச் சமூக நிலையத்துக்குப் போய்விட்டார்கள், அங்கே சூடும் சாப்பாடும் இருக்கிறது என்றார்கள். நடக்க முடியாதவர்களைக் கதிரையில் வைத்து மாடி மாடியாகச் சுமந்து இறக்குகிறார்கள். ஒட்சிசன் இயந்திரத்தோடு இருப்பவர்கள், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டியவர்கள் நிறையப் பேர். ஹபீபுல்லாஹ்வைப் பார்த்து மூத்தவர் கொஞ்சம் தயங்கினார். புது மூட்டு, மெதுவாகத்தான் இறக்க வேண்டும்.

"முதல்ல அவங்களக் கொண்டு போங்க" என்று ஹபீபுல்லாஹ் ஆங்கிலத்தில் சொன்னார். "எனக்கு மூச்சு வருது. நான் காத்திருப்பன்."

"இருட்டுமுன் வந்துவிடுவோம். மெழுகுதிரி கொளுத்தாதீர்கள், வீட்டுக்குள் அடுப்பு எதுவும் மூட்டாதீர்கள்" என்று சொல்லிவிட்டு அவர்கள் மேலே ஓடினார்கள். விரும்பினால் அவள் மட்டும் இறங்கலாம் என்றும் சொன்னார்கள். அவள் போய் ஹபீபுல்லாஹ்வின் பக்கத்தில் அமர்ந்துகொண்டாள்.

அதன் பிறகு நடைபாதை ஓசையற்றுப் போயிற்று. இத்தனை வருசத்தில் அந்த மாடி அப்படி அடங்கி அவள் கேட்டதில்லை.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. நடைபாதையின் கடைசி வீட்டில் இருக்கும் எலிசாப்பி நின்றாள். முப்பது வயதிருக்கும். வடதுருவத்துக்கு அருகே பாஃபின் தீவிலிருந்து ஆடை வடிவமைப்புப் படிக்க வந்தவள் என்பது மட்டும் றசீனாவுக்குத் தெரியும். கொட்டும் பனியில் கோட்டைத் திறந்துவிட்டு பல்கனியில் நின்று கோப்பி குடிக்கும் அவளைப் பார்க்கும்போதெல்லாம், இவளுக்கு ஏதோ பிசகு என்றே றசீனா நினைத்திருக்கிறாள். லிப்டில் ஒரு தலையசைப்பு, அதற்கு மேல் பழக்கமில்லை.

"யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பார்க்கிறேன்" என்றவள், வோக்கரைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். வந்தவள் கேட்ட முதல் கேள்வி: "இவ்வளவு பெரிய அறையில் ஏன் இருக்கிறீர்கள்?"

றசீனாவுக்கு விளங்கவில்லை.

"இந்த அறை முழுவதையும் உங்கள் இருவருடைய உடம்பால் சூடாக்க முடியாது. சின்ன அறை எது? ஒரே ஒரு யன்னல் உள்ளது?"

பதிலுக்குக் காத்திராமல் ஹபீபுல்லாஹ்வின் முன்னால் குந்தி, "தொடலாமா?" என்று கேட்டு, அவர் காலைப் பிடித்துப் பார்த்தாள். றசீனா அவருக்குக் காலுறைக்கு மேல் காலுறையாக மூன்று போட்டுவிட்டிருந்தாள். எலிசாப்பி தலையை ஆட்டினாள். உள்ளே இருந்தது வியர்வையில் ஈரமாகியிருந்தது, மேலே இருந்தது இறுக்கிப் பிடித்திருந்தது. மூன்றையும் கழற்றி, காய்ந்த ஒரே ஒரு கம்பளிக் காலுறையைத் தளர்வாகப் போட்டு, அதைச் சுற்றி ஒரு துவாயைச் சுற்றினாள். "இரத்தம் ஓட இடம் வேண்டும். ஈரம் ஆகவே ஆகாது. எங்கள் ஊரில் வேட்டைக்குப் போகிறவர்கள் வேர்க்காதபடிதான் நடப்பார்கள். குளிரில் வேர்த்தவன் ஆபத்தில் இருக்கிறான்" என்றாள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டுப் பக்கமிருந்து யாரோ மூச்சிரைக்கும் ஓசை கேட்டது. றசீனா எட்டிப் பார்த்தாள். தலையில் ஒரு பெரிய பஞ்சு மெத்தைபோல எதையோ சுமந்துகொண்டு, முதுகில் பாடசாலைப் பையொன்று வீங்கி நிற்க, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி ஒருத்தி வந்தாள். எதிர்வீட்டுக் குல்சூம். ஆப்கானிஸ்தானில் பாமியான் பக்கத்துக்காரி. நேற்றிரவே புருசனோடும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் இறங்கிப் போனதை றசீனா கண்ணால் கண்டிருந்தாள். எதையாவது மறந்துவிட்டு எடுக்க வந்திருப்பாள் என்று நினைத்தாள்.

குல்சூம் தன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே வந்து மூட்டையை றசீனாவின் வாசலில் இறக்கிவிட்டு, அப்படியே தரையில் அமர்ந்து மூச்சு வாங்கினாள். முதுகுப் பைக்குள்ளிருந்து ரப்பர் சூட்டுப் போத்தல்களும் சோடாப் போத்தல்களும் ஒவ்வொன்றாக வந்தன. சமூக நிலையத்தில் கொதிநீர் வாங்கி நிரப்பியவை.

"பிள்ளைகள்?" என்றாள் றசீனா.

"அவர்கள் சூட்டில் இருக்கிறார்கள். அப்பாவோடு விளையாடுகிறார்கள்."

"பிறகு ஏன் நீ ஏறி வந்தாய்?"

இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம் மட்டுந்தான். குல்சூம் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள். "எங்கள் ஊரில் பனிக்காலத்தில் விடிந்ததும் அடுத்த வீட்டுக் கூரையைப் பார்ப்போம். புகை வந்தால் நல்லது. வராவிட்டால் போய்க் கதவைத் தட்டுவோம். இங்கே புகை இல்லை. அதனால் வரிசையில் நிற்கிற முகங்களைப் பார்த்தேன். உங்கள் முகம் இல்லை."

எத்தனை தரம் றசீனா இந்தப் பெண்ணின் பிள்ளைகளுடைய சப்பாத்து நடைபாதையில் கிடக்கிறதென்று முணுமுணுத்திருப்பாள்! பதினாலு மாடியைச் சுமையோடு ஏறி வந்த அந்தக் கால்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. றசீனா குனிந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

பிறகு தொடங்கியது தர்க்கம். குல்சூமுக்கு வரவேற்பறையில் நடு மேசையைப் போட வேண்டும். எலிசாப்பிக்குச் சின்ன அறைக்குள் ஒரு கூடாரம் அடிக்க வேண்டும். இரண்டு பேருமே குளிரில் பிறந்து வளர்ந்தவர்கள். இரண்டு பேருக்குமே தங்கள் ஊர் முறைதான் சரி. குல்சூம் சொன்னது சந்தலி. குட்டையான மேசை, அதற்கு மேல் நிலத்தைத் தொடுகிற அளவுக்குப் பெரிய பஞ்சுப் போர்வை, அடியில் கனல். குடும்பம் முழுவதும் நாலு பக்கமும் அமர்ந்து கால்களை உள்ளே நீட்டிக்கொள்ளும். சாப்பாடு, கதை, தூக்கம் எல்லாம் அங்கேதான். பாமியானில் ஒரு பனிக்காலத்தையே அதைச் சுற்றி இருந்து கழித்துவிடலாம் என்றாள்.

"கனல் இங்கே கூடாது" என்றாள் எலிசாப்பி.

"எனக்குத் தெரியாதா? கரிப் புகையில் உறங்கி எழும்பாமலே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தானே கொதிநீர்?"

"நல்லது. ஆனால் இந்த அறையில் வைத்தால் அந்தச் சூடு கூரைக்குப் போய்விடும்."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். ஹபீபுல்லாஹ் சோபாவிலிருந்து தமிழில், "றசீனா, ரெண்டு பேரும் முடிவெடுக்கிறதுக்குள்ள நான் ஐஸாகிருவன். உன்ட வீடுதானே, நீ சொல்லு" என்றார்.

றசீனா சொன்னாள்: "சின்ன அறைக்குள் மேசை. மேசைக்கு மேல் கூடாரம்."

அதன் பிறகு மூவரும் இயந்திரம்போல வேலை செய்தார்கள். மகளின் பழைய அறை சின்னது. எலிசாப்பி முதலில் தரையைத்தான் பார்த்தாள். மேலே போர்ப்பதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம், உடம்பின் சூட்டைத் திருடுவது தரை என்றாள். தட்டுமுட்டுப் பெட்டிகளைக் கிழித்து மட்டைகளைப் பரப்பினார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்து சுருட்டி வைத்திருந்த பாய்களை அதற்கு மேல் விரித்தாள் றசீனா. அதற்கு மேல் கம்பளம், மெத்தை. துணி காயப்போடும் கம்பிச் சட்டங்களை இரண்டு பக்கமும் நிறுத்தி, கயிறு கட்டி, போர்வைகளைத் தொங்கவிட்டாள் எலிசாப்பி. தையல் படிக்கிறவள் என்பது அப்போது தெரிந்தது. ஊசியை வாயில் கவ்விக்கொண்டு விளிம்புகளை அவள் பொருத்திய வேகத்தை றசீனா வாய் பார்த்து நின்றாள். மேல் மூலையில் மட்டும் கையளவு இடைவெளி விட்டாள். மூச்சின் ஈரம் வெளியே போகாவிட்டால் போர்வை நனைந்துவிடுமாம்.

கோப்பி மேசையைச் சுற்றித் தன் தலைச்சுமையை விரித்தாள் குல்சூம். அது அவள் தாய்வீட்டுச் சீதனமாக வந்த பஞ்சுப் போர்வை. சூட்டுப் போத்தல்களையும், வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய சோடாப் போத்தல்களையும் மேசைக்கு அடியில் அடுக்கினாள். ஹபீபுல்லாஹ்வை வோக்கரோடு நடத்திக் கொண்டுவந்து, இடுப்புக்கு அணை கொடுத்துச் சாய்வாக இருத்தி, காலை உள்ளே விட்டார்கள்.

மூவரும் சுற்றி அமர்ந்து தங்கள் கால்களையும் உள்ளே நீட்டினார்கள். மெல்ல மெல்ல, பாதத்திலிருந்து சூடு ஏறியது. றசீனாவின் தோள்கள் தாமாக இறங்கின. அதுவரை அவற்றைக் காதுவரை தூக்கி வைத்திருந்தாள் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஹபீபுல்லாஹ் கண்ணை மூடியபடி சொன்னார்: "முப்பது வருசமா நான் குளிரப் பெட்டிக்குள்ள அடைச்சன். இண்டைக்கு என்னப் பெட்டிக்குள்ள வெச்சிட்டுக் குளிரு வெளியால நிக்குது."

றசீனா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சமைக்க வழியில்லை. பாணும் பட்டரும் பேரீச்சம்பழமும் இருந்தன. குல்சூமின் பையில் உலர்ந்த முசுக்கொட்டைப் பழமும் வாதுமைப் பருப்பும் இருந்தன. ஊரிலிருந்து உறவுக்காரர் கொடுத்துவிட்ட தொதலை றசீனா எடுத்து வெட்டினாள். எலிசாப்பி ஒரு துண்டை வாயில் போட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயையும் நக்கிவிட்டு, "இது என்ன?" என்று கேட்டாள்.

"தேங்காய்ப் பாலும் சீனியும் மாவும். விசேசத்துக்குச் செய்வோம்."

"கொழுப்பும் இனிப்பும்! இது எங்கள் ஊர்ச் சாப்பாடு! நாங்கள் திமிங்கிலத் தோலும் கொழுப்பும் சாப்பிடுவோம். உடம்புக்குள் அடுப்பு எரிய விறகு வேண்டுமே." இன்னொரு துண்டு கேட்டு வாங்கினாள். வெயில் ஊரின் பலகாரம் ஒன்றைப் பனிப் பாலைவனத்துக்காரி ஒருத்தி இப்படிப் பாராட்டுவாள் என்று றசீனா கனவிலும் நினைத்ததில்லை.

உடம்பு சூடானதும் மனம் வேலை செய்யத் தொடங்கியது. றசீனாவுக்குத் தன் சின்ன வயது நினைவுக்கு வந்தது. நாடு கலங்கிக் கிடந்த ஒரு வருசம், ஊர்ச் சனமெல்லாம் பாடசாலைக்குள் ஒதுங்கியிருந்தது. பொழுது சாய்கிற நேரமெல்லாம் அவளுடைய உம்மா வகுப்பு வகுப்பாகப் போய், "ஆரு வரல்ல? ஆரக் காணல்ல?" என்று கேட்பாள். அப்படிக் கேட்டதால் ஒரு தரம், வீட்டில் தனியாகப் படுத்திருந்த ஒரு கிழவரை ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள்.

"மேல ஆராவது இரிப்பாங்களோ?" என்று கணவரிடம் கேட்டாள்.

"பதினஞ்சில அந்த வேரோனிக்கா அன்ரி தனியத்தானே இரிக்கா?" என்றார் அவர்.

றசீனாவுக்கு முகம் மாறியது. வேரோனிக்கா மட்டக்களப்புப் புளியந்தீவுக்காரி, தேவாலயத்துக்குப் போகிற அம்மா. எழுபது வயதுக்கு மேலிருக்கும். குடிவந்த புதிதில் லிப்டில், "நீங்க முஸ்லிமோ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டவர், "ஓம்" என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யுத்த காலத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் விழுந்த பிளவு இங்கேயும் வந்துவிட்டது என்று றசீனா நினைத்தாள். அதற்குப் பிறகு ஒருவரோடொருவர் ஒரு சொல் பேசியதில்லை. தீயணைப்புக்காரர் ஒவ்வொரு கதவையும் தட்டியிருப்பார்கள், அவ போயிருப்பா என்று மனம் சாக்குச் சொன்னது.

"போயிட்டு வாவன், புள்ள" என்றார் ஹபீபுல்லாஹ். "இல்லாட்டி இல்லையெண்டாவது தெரியும்."

எலிசாப்பியும் கூடவே எழுந்தாள். படிக்கட்டில் காற்று ஊதியது. சூட்டிலிருந்து வந்ததால் முகம் வெடிப்பதுபோல இருந்தது. பதினைந்தாம் மாடியில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டே போனார்கள். வேரோனிக்காவின் கதவை றசீனா தட்டினாள். "அன்ரி! அன்ரி!" பதில் இல்லை. திரும்பப் போகலாம் என்று எலிசாப்பி தலையசைத்தபோது உள்ளே எதுவோ விழுந்து உருளும் ஓசை கேட்டது. றசீனா கைப்பிடியைத் திருகினாள். கதவு பூட்டியிருக்கவில்லை.

அந்த அம்மா சமையலறைக் கதிரையில் இருந்தார். காலடியில் ஒரு கோப்பை உருண்டு கிடந்தது, சட்டையின் முன்பக்கம் தண்ணீர் சிந்தி நனைந்திருந்தது. கோட் பொத்தான்கள் திறந்திருந்தன. முகம் மெழுகுபோல வெளிறியிருந்தது. "அன்ரி, நான் கீழ்வீட்டு றசீனா" என்று குனிந்தபோது அவர் இவளைப் பார்த்தார். கண்ணில் ஆளை அறிந்த குறி இல்லை.

"பஸ் வந்துட்டா?" என்றார் குழறிக் குழறி. "வேர்க்குது பிள்ள... இதக் கழட்டிவிடு."

"பாவம், ஆனால் நடுங்கவில்லையே, பரவாயில்லை" என்று றசீனா மூச்சுவிட்டாள். எலிசாப்பியின் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆறுதல் போய்விட்டது.

"நடுங்காததுதான் மோசம்" என்றாள் எலிசாப்பி தாழ்ந்த குரலில். "உடம்பு போராடுவதை விட்டுவிட்டது. நடக்க வைக்கக்கூடாது. கையைக் காலைத் தேய்க்கவும் கூடாது. மெதுவாக, படுத்தபடியே கொண்டுபோக வேண்டும்."

றசீனா அவசர எண்ணை அழைத்து, எஞ்சியிருந்த சார்ஜில் தன் மாடியையும் வீட்டு இலக்கத்தையும் சொல்லி முடித்தாள். ஆள் வந்துகொண்டிருக்கிறது, சூட்டில் வைத்திருங்கள் என்றார்கள். பிறகு படிக்கட்டில் நின்று குல்சூமைக் கூப்பிட்டாள். கட்டிலிலிருந்த கனத்த போர்வையைத் தரையில் விரித்து, அந்த அம்மாவை அதில் கிடத்தி, தலைப்பக்கம் எலிசாப்பியும் கால்பக்கம் மற்ற இருவருமாகத் தூக்கினார்கள். ஒரே ஒரு மாடிதான். ஆனால் அந்த ஒரு மாடியை இறங்கியதுபோல வாழ்நாளில் எதையும் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை என்று பிற்பாடு றசீனா சொல்வாள். முட்டைக் கூடையைச் சுமப்பதுபோல, ஒவ்வொரு படிக்கும் எலிசாப்பி "மெதுவாக, மெதுவாக" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கூடாரத்துக்குள் பெண்கள் பகுதி என்று ஒரு திரையைக் குல்சூம் இழுத்துவிட்டாள். ஹபீபுல்லாஹ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தனக்கு வைத்திருந்த சூட்டுப் போத்தல்களை எல்லாம் காலால் தள்ளிக் கொடுத்தார். அந்த அம்மாவின் ஈரச் சட்டையை மாற்றினார்கள். போத்தல்களைத் துணியில் சுற்றி, அக்குளிலும் நெஞ்சோரத்திலும் வைத்தாள் எலிசாப்பி. கையிலும் காலிலும் வைக்கவில்லை. முதலில் நடு உடம்பு, மற்றது தானாக வரும் என்றாள். தலைக்குத் தன் தொப்பியைப் போட்டாள். பிறகு தன் கோட்டைக் கழற்றிவிட்டு, போர்வைக்குள் புகுந்து, அந்த அம்மாவை முதுகுப்பக்கமிருந்து அணைத்துப் படுத்துக்கொண்டாள்.

"முன்பக்கம் நீங்கள் வாருங்கள்" என்றாள் றசீனாவிடம்.

றசீனா ஒரு கணம் நின்றாள். பிறகு தானும் கோட்டைக் கழற்றிவிட்டுப் போர்வைக்குள் போனாள். ஐஸ் கட்டியைக் கட்டிப்பிடித்ததுபோல இருந்தது. அந்த உடம்பின் குளிர் அவளுடைய சட்டையைத் தாண்டி எலும்புக்குள் இறங்கியது. அவளுக்கே பல் கிட்டியது. விலக வேண்டும்போல வந்தது. விலகவில்லை. "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அந்த அம்மாவின் முகத்தைத் தன் கழுத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

போத்தல்கள் ஆறிக்கொண்டிருந்தன. ஆறியவற்றைக் குல்சூம் எடுத்துப் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டினாள். றசீனா தலையைத் தூக்கி, "இன்னொரு தரமா? உன்னால் முடியாது" என்றாள். அதற்குள் படிக்கட்டுக் கதவு அடிபட்டுச் சாத்தியது. பதினாலு மாடி இறங்கி, அந்தக் காற்றில் தெருவைக் கடந்து, திரும்பவும் பதினாலு மாடி.

அவள் வருவதற்கு முன்பே அது நடந்தது. முதலில் தாடை. மெல்லிய ஒரு துடிப்பு. பிறகு தோள். பிறகு அந்த அம்மாவின் உடம்பு முழுவதும், காய்ச்சல்காரியின் உடம்புபோல, உதறத் தொடங்கியது. றசீனா பயந்துபோய், "என்ன இது? வலிப்பா?" என்று கத்தினாள்.

மறுபக்கத்திலிருந்து எலிசாப்பி சிரித்தாள். சிரித்தாளா அழுதாளா தெரியாது. "நடுங்குகிறார்! நடுங்குகிறார்! திரும்ப வந்துவிட்டார்!"

நடுக்கத்தைக் கண்டு ஒரு மனுசி இப்படிக் கொண்டாடுவதை றசீனா அன்றுதான் கண்டாள். இத்தனை வருசமாகத் தன் உடம்பு நடுங்கிய ஒவ்வொரு தரமும் அவள் அதைச் சபித்திருக்கிறாள். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த ஹபீபுல்லாஹ், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

குல்சூம் திரும்பி வந்தபோது கண்ணிமைகளில் பனி ஒட்டியிருந்தது. புதுச் சூடு வைத்தார்கள். அந்த அம்மா கண்ணைத் திறந்து, விழுங்கத் தெம்பு வந்ததும், இளஞ்சூட்டில் சீனித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பருக்கினாள் றசீனா.

"ஆரு நீ?" என்றார் அவர்.

"கீழ்வீட்டு றசீனா, அன்ரி."

"ஏன் பிள்ள என்னக் கட்டிப்பிடிச்சிட்டுக் கிடக்காய்?"

"உங்களுக்குக் குளிர், அன்ரி."

"ஓம்" என்றார் வேரோனிக்கா, பல் அடிபட அடிபட. "சரியான குளிர்." சொல்லிவிட்டு இவளுடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

தீயணைப்புப் படைக்காரர் வந்தபோது பொழுது சாயவில்லை. வாசலில் அழைத்துப் பார்த்துவிட்டு, குரல் வந்த பக்கமாக வந்து, போர்வைத் திரையை விலக்கினார்கள். உள்ளிருந்த சூடு முகத்தில் பட்டதும் காலையில் வந்த அதே மூத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தரையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மேல் மூலையில் விட்டிருந்த இடைவெளியைப் பார்த்தார். "இதை யார் செய்தது?" என்று கேட்டார். மூன்று பெண்களும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். கையுறையைக் கழற்றிவிட்டு மூவருக்கும் கைகொடுத்தார் அவர்.

வேரோனிக்காவை முதலில் கொண்டுபோனார்கள். அடுத்து ஹபீபுல்லாஹ். நாலு பேர் சேர்ந்து கதிரையோடு தூக்கியபோது, "நான் பாரமான ஆள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று ஒவ்வொரு மாடியிலும் சொல்லிக்கொண்டு போனார். றசீனா பின்னால் நடந்தாள். கீழே தெருவுக்கு வந்தபோது சூரியன் கண்ணாடிபோலப் பளபளத்தது. மூக்குக்குள் மயிர் உறைந்து குத்தியது. ஆனால் அவள் பார்வை முழுவதும் முன்னால் போன இரண்டு பெண்கள்மேல் இருந்தது. ஒருத்தி போர்வை மூட்டையைத் திரும்பவும் தலையில் ஏற்றிக்கொண்டு, சறுக்குகிற பனிக்கட்டியில் தளம்பாமல் நடந்தாள். மற்றவள் வெறுந்தலையோடு போனாள். தொப்பி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. இவர்களைப் பெற்ற மண் எப்படிப்பட்ட மண்ணாக இருக்கும் என்று றசீனா யோசித்தாள். புல் முளைக்காத பனிக்குள்ளும், மலைக்குமேல் கிடக்கிற ஊர்களுக்குள்ளும் ஆயிரம் ஆயிரம் வருசமாக மனுசர் பிள்ளை பெற்று, பாட்டுப் பாடி, விருந்து வைத்து வாழ்ந்திருக்கிறார்களே!

சமூக நிலையத்தின் வாசலில் குல்சூமின் பிள்ளைகள் ஓடிவந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டார்கள். நாள் முழுக்கக் காணாத கோபத்தில் சின்னவன் அவளுக்கு ஒரு அடியும் வைத்தான்.

இரண்டு நாள் கழித்து மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வேரோனிக்கா கட்டிலில் நிமிர்ந்து இருந்து, தேத்தண்ணி சரியில்லை என்று தாதியோடு கைச்சாடையில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கையில் ஜெபமாலை. றசீனாவைக் கண்டதும், "கிட்ட வா பிள்ள" என்று கட்டிலில் பக்கத்தில் இருத்தினார். லிப்டில் நடந்ததைப் பற்றி இருவரும் பேச்செடுக்கவில்லை. ஊர் எதுவென்று கேட்டறிந்து, "ஏறாவூரில எந்தப் பக்கம்?" என்று தொடங்கி, சந்தை, ரயில் ஸ்ரேசன், அதற்கடுத்த தெரு என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அந்தத் தெருவில்தான் ஒரு காலத்தில் தன் தகப்பன் சைக்கிளில் பாண் விற்றவர் என்றார்.

பிறகு மற்ற இருவரையும் கூப்பிட்டு, குல்சூமின் கன்னத்தைத் தடவிவிட்டு, எலிசாப்பியின் கையைப் பிடித்துத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். விடவே இல்லை.

"என்ன சூடு பாரன் இந்தக் கை!" என்றார் றசீனாவிடம். "வெளியால இருந்து இப்பதானே வந்தவள்?"

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் எலிசாப்பி.

றசீனா மொழிபெயர்த்தாள்.

"எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இப்படித்தான்" என்று எலிசாப்பி வெட்கத்தோடு சிரித்தாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. பாடசாலை விடுகிற நேரமாகிவிட்டதென்று குல்சூம் இரண்டு தரம் மணிக்கூட்டைக் காட்டிய பிறகுதான் மூவரும் எழுந்தார்கள்.